ஆபர்ன் 2013: அந்த ஒரு நொடியைத் தாண்டியும் பேசலாமா?

#1 கடைசிவரிசை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆபர்ன் பல்கலை அணியின் பெயரை எடுத்தாலே எல்லோரும் நேராக 2013 அலபாமா ஆட்டத்தின் அந்தக் கடைசி நொடிக்குப் போய்விடுகிறார்கள். அலபாமா கோல் கம்பத்தை நோக்கி உதைத்த பந்து தூரம் போதாமல் இறங்கியது, ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்தார், ஓடினார், அலபாமா தோற்றது. போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் "குருட்டு அதிர்ஷ்டத்தில் ஓடிய சீசன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த இழை.

நான் 2012-ல் முதுகலை படிக்க ஆபர்ன் போனேன். அலபாமா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் சின்ன ஊர். ஆனால் அங்குள்ள ஜோர்டன்-ஹேர் ஸ்டேடியத்தில் 87,000 பேருக்கு மேல் உட்காரலாம். முதல் வருடம் எனக்கு ஆட்டமும் புரியவில்லை, ஜெயித்தால் எப்படி இருக்கும் என்பதும் தெரியவில்லை. 12 ஆட்டத்தில் 3 வெற்றி. எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்புக்குள் ஆடிய எட்டிலும் தோல்வி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் நம் மைதானத்துக்கே வந்து 63-21 என்று அடித்துவிட்டுப் போனது. ஜார்ஜியா 38-0. கடைசியில் அலபாமா 49-0. மறுநாளே தலைமைக் கோச் ஜீன் சிசிக்கை நீக்கிவிட்டார்கள். இரண்டே வருடம் முன்னால் கேம் நியூட்டனை வைத்துத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர் அவர்.

டிசம்பரில் கஸ் மால்சான் வந்தார். 2010 பட்டத்தின்போது இதே அணியின் தாக்குதல் பிரிவான ஆஃபென்ஸைக் கவனித்தவர். அதற்கும் முன்னால் ஆர்கன்சாவில் பல வருடம் பள்ளிக்கூட அணிகளுக்குக் கோச். அவர் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்தும் கொடுத்தும் ஆட்டத்தை நடத்துபவராக, நிறுத்தியது நிக் மார்ஷலை. மார்ஷல் ஜார்ஜியா பல்கலையில் இருந்தபோது தடுப்புப் பிரிவான டிஃபென்ஸில், பின்வரிசையில் ஆடியவர். அங்கிருந்து வெளியேறி, கான்சஸில் கார்டன் சிட்டி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடிவிட்டு, 2013 கோடையில்தான் ஆபர்ன் வந்து சேர்ந்தார். வசந்தகாலப் பயிற்சியில்கூட அவர் இல்லை.

அந்த ஆள் தலைமையில் அந்த அணி பந்தை எறிவதைவிட ஏந்தி ஓடியே ஜெயித்தது. ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 328 யார்டு ஓட்டம், அந்த வருடம் நாட்டிலேயே முதலிடம். பந்தைச் சுமந்து ஓடும் ட்ரே மேசன் மட்டும் 1,816 யார்டு. 1985-ல் போ ஜாக்சன் வைத்துவிட்டுப் போன 1,786 என்ற ஆபர்ன் சாதனை அதில் உடைந்தது. மார்ஷலும் ஆயிரத்தைத் தாண்டினார்.

நான் சொல்ல வருவது இதுதான்: அந்தக் கடைசி நொடி வரை அணியைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்த ஓட்டம். அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறீர்களா?

#2 நாலாவது டவுன்

போன வாரம் அந்த வரியை எழுதியது நான்தான். எழுதியதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன், நண்பரே.

கணக்கைப் பாருங்கள். வாஷிங்டன் ஸ்டேட் 31-24. மிசிசிப்பி ஸ்டேட் 24-20. ஓல் மிஸ் 30-22. ஏ அண்ட் எம் 45-41. ஜார்ஜியா 43-38. அலபாமா 34-28. தேசிய இறுதி ஆட்டத்துக்கு முன் எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டம் ஆறு, ஆறிலும் வெற்றி. நாணயத்தை ஆறு தடவை சுண்டி ஆறு தடவையும் தலை விழுந்தால் அதற்கு என்ன பெயர்? அடுத்த வருடம் அதே கோச், அதே மார்ஷல், முடிவு 8 வெற்றி, 5 தோல்வி. அதிர்ஷ்டம் தீர்ந்ததும் அணி இருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

ஜார்ஜியா ஆட்டத்தை நீங்கள் தொடவே இல்லை என்பதையும் கவனித்தேன்.

#3 புதுசு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியே இரண்டு சீசன்தான் ஆகிறது. அலபாமா ஆட்ட வீடியோவைப் பார்த்தேன். ஒரு சந்தேகம். உதைத்த பந்து கோல் கம்பத்துக்குள் போகவில்லை என்றால் அத்தோடு முடிந்துவிடாதா? அதை எப்படி எடுத்துக்கொண்டு ஓடலாம்?

#4 கடைசிவரிசை

புதுசு, மன்னிப்பெல்லாம் வேண்டாம். நல்ல கேள்வி.

ஃபீல்டு கோல் (கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் முயற்சி) குறி தவறிக் கோட்டுக்கு வெளியே போனால் அதோடு சரி. ஆனால் தூரம் போதாமல் மைதானத்துக்குள்ளேயே இறங்கினால் அது உயிருள்ள பந்து. எதிரணி அதைப் பிடித்து ஓடலாம். வழக்கமாக யாரும் அதற்கு ஆள் நிறுத்துவதில்லை, ஏனென்றால் 35, 40 யார்டிலிருந்து உதைத்தால் பந்து எல்லையைத் தாண்டிப் போய்விடும். அன்று அலபாமா உதைத்தது 57 யார்டிலிருந்து. அந்தத் தூரத்துக்குப் பந்து போய்ச் சேராமல் விழ நல்ல வாய்ப்பு உண்டு. மால்சான் அதை யோசித்துத்தான் கோல் கம்பத்துக்கு அடியில் டேவிஸை நிறுத்தினார். டேவிஸ் அந்த அணியின் பண்ட் ரிட்டர்னர், அதாவது எதிரணி உதைத்துத் தரும் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுபவர். டென்னசிக்கு எதிராக 85 யார்டு ஓடி டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்குள் கொண்டுபோவது) போட்டவர்.

இன்னொன்று. ஃபீல்டு கோலுக்கு நிற்கும் அணியில் பெரும்பாலும் கனத்த உடம்புக்காரர்கள். எதிராளியை முட்டி நிறுத்துவது அவர்கள் வேலை. துரத்திப் பிடிப்பதற்கு அவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. டேவிஸ் இடதுபக்க எல்லைக் கோட்டை ஒட்டித் திரும்பியபோது எதிரே இருந்தவர்களில் பாதிப்பேரால் அவரை எட்டவே முடியாது. கிட்டத்தட்ட 109 யார்டு ஓடினார். பதிவேட்டு விதிப்படி அது 100 என்றுதான் எழுதப்படும்.

நாலாவது டவுன், உங்களுக்கு ராத்திரி வந்து பதில் எழுதுகிறேன். ஜார்ஜியாவை மறைக்கவில்லை.

#5 டஸ்கலூசாவாசி

நான் மறு கரை. அலபாமா பல்கலையில் படித்தவன். அன்றைக்கு ஜோர்டன்-ஹேரில் எதிரணி ரசிகர்களுக்கு ஒதுக்கிய மூலையில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் அணி அதுவரை 11-0, நாட்டில் முதலிடம். 2011, 2012 இரண்டு வருடமும் பட்டம் எங்களுக்கு. மூன்றாவதும் எங்களுக்கே என்று நினைத்துத்தான் போனோம். நான்காம் கால் பகுதியில் எங்கள் ஒரு யார்டு கோட்டிலிருந்து எங்கள் குவாட்டர்பேக் மெக்காரன் எறிந்து அமாரி கூப்பர் 99 யார்டு ஓடினாரே, அப்போது 28-21. அத்தோடு ஆட்டம் முடிந்தது என்று பக்கத்திலிருந்தவரைக் கட்டிப்பிடித்தேன்.

அதிர்ஷ்டம் என்று சொல்லி நான் ஆறுதல் தேடவில்லை. நாங்கள் கையில் இருந்ததை விட்டோம். கேட் ஃபாஸ்டர் உதைத்த மூன்று ஃபீல்டு கோலும் வீண், அதில் ஒன்றைத் தடுத்தே விட்டார்கள். ஆபர்னின் 13 யார்டு கோட்டில் நாலாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் கடைசி) ஒரே யார்டு தேவைப்பட்டபோது எங்கள் கோச் சேபன் உதைக்காமல் ஓடச் சொன்னார். பந்தோடு ஓடிய யெல்டனை அசையவிடாமல் மடக்கினார்கள். அந்த யார்டைத் தராத டிஃபென்ஸுக்கு யாரும் பேர் சொல்வதில்லை.

கடைசி நொடியைக் கேட்டு வாங்கியதும் நாங்கள்தான். கடைசி நிமிடத்தில் ஆபர்ன் சமன் செய்திருந்தது. கடிகாரம் பூஜ்யம் காட்டியது, இரு பக்கமும் 28. கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கலாம். யெல்டன் பந்தோடு பக்கவாட்டு எல்லைக் கோட்டைத் தாண்டும்போது ஒரு நொடி மிச்சம் இருந்தது என்று சேபன் வாதாடினார், நடுவர்கள் வீடியோ பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். 57 யார்டுக்கு ஃபாஸ்டரை அனுப்பாமல் ஆடம் கிரிஃபித் என்ற இளம் பையனை அனுப்பினார்கள். அந்தப் பையன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கடைசிவரிசை கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அன்று எங்கள் டிஃபென்ஸ் மீது 296 யார்டு ஓடினார்கள். நிக் சேபன் அணி மீது! அதில் மேசன் மட்டும் 164. அதிர்ஷ்டத்தால் 296 யார்டு ஓட முடியாது. இதை ஒரு அலபாமாக்காரன் சொல்கிறேன்.

#6 கடைசிவரிசை

டஸ்கலூசாவாசி, இப்படி எழுதியதற்கு நன்றி அண்ணா. எனக்குப் பாதி வேலை மிச்சம்.

இப்போது நாலாவது டவுனுக்கு. முதலில் ஜார்ஜியா. நவம்பர் 16. நாலாம் கால் பகுதியில் 37-17 என்று முன்னிலையில் இருந்தோம். அவர்கள் குவாட்டர்பேக் ஆரன் மரே விடாமல் மூன்று டச் டவுன் போட்டு, இரண்டு நிமிடம்கூட மீதமில்லாதபோது ஜார்ஜியாவை 38-37 என்று கொண்டுபோய்விட்டார். எங்களுக்கு நாலாவது டவுன், 18 யார்டு தேவை, பந்து எங்கள் 27-ல். மார்ஷல் மேலே தூக்கி எறிந்தார். ஜார்ஜியாவின் இரண்டு பின்வரிசை ஆட்டக்காரர்களும் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள். அதில் ஒருவர் கையில் பட்டு எகிறியது. எங்கள் ரிக்கார்டோ லூயிஸ் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, தட்டுத்தடுமாறிப் பிடித்து, அப்படியே உள்ளே ஓடிவிட்டார். 73 யார்டு. 25 நொடி மிச்சம்.

இது சுத்தமான அதிர்ஷ்டம். ஒப்புக்கொள்கிறேன். அந்த இருவரில் யாராவது ஒருவர் சும்மா இருந்திருந்தால் பந்து தரையில், ஆட்டம் ஜார்ஜியாவுக்கு. (அந்த இருவரில் ஒருவரான ட்ரே மேத்யூஸ் அடுத்த வருடம் ஜார்ஜியாவை விட்டு ஆபர்னுக்கே வந்து சேர்ந்தார். இந்த ஆட்டத்தில் இப்படியும் நடக்கும்.)

ஆனால் அலபாமாவுக்கு எதிரான சமன் டச் டவுனை அதோடு சேர்க்கக் கூடாது. இங்கேதான் என் மொத்த வாதமும் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

ஆபர்ன் ஆடியதன் அடிப்படை இது. பந்து கைக்கு வந்ததும் மார்ஷல் அதை மேசனின் வயிற்றில் வைப்பார், ஆனால் கையை எடுக்க மாட்டார். எதிரணியின் ஓரத்தில் நிற்கும் ஒரு ஆளை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். மார்ஷல் அவரைப் பார்ப்பார். அவர் மேசன் மேல் பாய்ந்தால் மார்ஷல் பந்தைத் தானே வைத்துக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவார். அவர் மார்ஷலுக்காகக் காத்திருந்தால் மேசன் நடுவில் போய்விடுவார். எப்படிச் செய்தாலும் அந்த ஆள் செய்தது தப்பு. இதையே ஆட்டம் முழுக்க, சீசன் முழுக்கச் செய்தார்கள்.

இப்போது நவம்பர் 30. எங்கள் 35 யார்டு கோட்டில் கடைசி டிரைவ், அதாவது பந்தோடு முன்னேறும் முயற்சி, ஆரம்பம். மேசன் திரும்பத் திரும்ப ஓடிப் பந்தை அலபாமாவின் 39 வரை கொண்டுவந்தார். அடுத்த நகர்வும் அதே மாதிரி ஆரம்பித்தது. மார்ஷல் பந்தை வைத்துக்கொண்டு இடதுபக்கம் ஓடினார். அவரைப் பிடிக்க அலபாமாவின் கார்னர்பேக் (ஓரத்தில் பந்து பிடிப்பவரைக் காவல் காப்பவர்) முன்னால் ஓடி வந்தார். அவர் விட்டுவந்த இடத்தில் சாமி கோட்ஸ் தன்னந்தனியாக நின்றார். மார்ஷல் ஓடிக்கொண்டே பந்தைக் கிள்ளிப் போட்டார், 39 யார்டு டச் டவுன். 32 நொடி மிச்சம்.

அந்த கார்னர்பேக் ஏன் முன்னால் வந்தார்? மூன்றரை மணி நேரமாக மார்ஷலும் மேசனும் ஓடி ஓடி அவரை அப்படிப் பழக்கியிருந்தார்கள். நாணயம் சுண்டுவதில் இது வராது, நண்பரே.

#7 நாலாவது டவுன்

நன்றாக விளக்கினீர்கள். அந்த கார்னர்பேக் விஷயம் சரி, ஏற்கிறேன்.

ஆனால் அந்த வீடியோவில் முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுக்கும் ஆபர்ன் லைன்மேன்களையும் பாருங்கள். எறியும் ஆட்டத்தில் அவர்கள் மூன்று யார்டுக்கு மேல் முன்னேறக் கூடாது என்பது கல்லூரி விதி. பந்து கையை விட்டுப் போகும்போது எங்கே நிற்கிறார்கள்? அன்றைக்கே இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது.

இன்னொன்று, உங்கள் டிஃபென்ஸ். ஏ அண்ட் எம் 41, ஜார்ஜியா 38, மிசூரி 42. இவ்வளவு புள்ளி விட்டுக்கொடுத்த அணியை நல்ல அணி என்று எப்படிச் சொல்வது?

#8 டஸ்கலூசாவாசி

லைன்மேன் விஷயத்தில் நானும் அன்று கத்தினேன். ஆனால் நடுவர் அந்த இடத்தில் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசிக்க வேண்டும். லைன்மேனுக்கு அது ஓடும் ஆட்டமா எறியும் ஆட்டமா என்று தெரியாது. மார்ஷலுக்கே கடைசிவரை தெரியாது. அந்தக் குழப்பத்திலிருந்துதான் இந்த முறை பிழைத்தது. விதியின் ஓரத்தில் ஆடினார்கள் என்று சொல்லலாம். தவறு என்று நடுவர் கொடி வீசவில்லை, அத்தோடு சரி.

#9 செங்கொன்றை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நானும் அந்த வருடங்களில் ஆபர்னில் இருந்தவள். ஆட்டத்தின் நுணுக்கம் உங்கள் அளவுக்குத் தெரியாது. ஊரைப் பற்றி எழுதுகிறேன்.

டூமர்ஸ் கார்னர் என்ற சந்திப்பில் இரண்டு பெரிய ஓக் மரங்கள் இருந்தன. ஆபர்ன் ஜெயித்தால் ஊரே அங்கே போய் டிஷ்யூ காகிதச் சுருள்களை மரத்தின் மேல் வீசும். மரம் முழுக்க வெள்ளையாகத் தொங்கும். 2010-ல் அலபாமாவை 24-0 என்ற பின்னடைவிலிருந்து வந்து 28-27 என்று ஜெயித்தோம் இல்லையா, அதற்குப் பிறகு எதிரணி ரசிகர் ஒருவர் அந்த மரங்களின் வேரில் விஷம் ஊற்றிவிட்டார். எவ்வளவோ முயன்றும் காப்பாற்ற முடியவில்லை.

2013 ஏப்ரலில், வசந்தகாலப் பயிற்சி ஆட்டத்துக்கு 83,000 பேர் வந்தார்கள். முந்தைய வருடம் மூன்றே ஆட்டம் ஜெயித்த அணியின் பயிற்சியைப் பார்க்க அவ்வளவு கூட்டம். முடிந்ததும் எல்லோரும் டூமர்ஸுக்குப் போய்க் கடைசி முறையாக அந்த மரங்களுக்குக் காகிதம் வீசினோம். என் பக்கத்தில் ஒரு பாட்டி மரத்தைத் தொட்டுவிட்டு அழுதுகொண்டே நின்றார். சில நாளில் மரங்களை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 30 ராத்திரி அந்த இடத்தில் மரம் இல்லை. கம்பிகள் கட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கம்பிகளின் மேல் காகிதத்தை வீசினார்கள். எனக்கு அந்த சீசன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கம்பிகள்தான்.

#10 கடைசிவரிசை

அக்கா, நானும் அன்றிரவு அங்கேதான் இருந்தேன். விடியும்வரை.

நாலாவது டவுன், டிஃபென்ஸ் விட்டுக்கொடுத்தது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான நேரத்தில் டீ ஃபோர்டு என்ற ஒரு ஆள் இருந்தார். ஏ அண்ட் எம் ஆட்டத்தில் அவர்கள் குவாட்டர்பேக் ஜானி மான்சியெல் கடைசியாகப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தபோது அவரை வீழ்த்தியவர் அவர். ஜார்ஜியா ஆட்டத்தின் கடைசிப் பந்தில் மரேயை முட்டித் தள்ளியவரும் அவரே.

மிசூரி ஆட்டத்தை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். டிசம்பர் 7, அட்லாண்டா, எஸ்.இ.சி. இறுதி ஆட்டம். 59-42. ஆமாம், 42 விட்டுக்கொடுத்தோம். ஆனால் 545 யார்டு ஓடினோம். மேசன் 46 தடவை பந்தைச் சுமந்து 304 யார்டு, நாலு டச் டவுன். மிசூரிக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அன்று எந்தப் பந்தும் எகிறவில்லை, எந்த நொடியும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த சீசனில் எனக்கு மிகப் பிடித்த ஆட்டம் அதுதான்.

#11 நாலாவது டவுன்

அதே ராத்திரி ஒஹாயோ ஸ்டேட் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றதால்தான் தேசிய இறுதி ஆட்டத்தில் உங்களுக்கு இடம் கிடைத்தது. அதையும் எழுதுங்கள்.

சரி, 545 யார்டுக்கு என்னிடம் பதில் இல்லை. "குருட்டு" என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். "அதிர்ஷ்டம்" இருக்கட்டும்.

#12 டஸ்கலூசாவாசி

இறுதி ஆட்டத்தைப் பற்றி யாரும் எழுத மாட்டீர்களா?

#13 கடைசிவரிசை

எழுதுகிறேன் அண்ணா. தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

2014 ஜனவரி 6, பசடீனா ரோஸ் பௌல் மைதானம். எதிரில் ஃபுளோரிடா ஸ்டேட், 13-0. அவர்கள் குவாட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டனுக்கு அன்று இருபதாவது பிறந்தநாள். நாங்கள் 21-3 என்று முன்னால் போனோம். அவர்கள் மெல்ல மெல்ல நெருங்கினார்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் கிக்ஆஃப் பந்தை அவர்கள் 100 யார்டு திருப்பிக் கொண்டுவந்து 27-24. பிறகு மேசன் 37 யார்டு ஓடி 31-27. ஒரு நிமிடம் 19 நொடி மிச்சம். நான் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

வின்ஸ்டன் 80 யார்டு கொண்டுவந்தார். கோலுக்குப் பக்கத்தில் எங்கள் பக்கம் ஒரு பெனால்டி, பந்து 2 யார்டு கோட்டில். அந்தப் பெனால்டி கிறிஸ் டேவிஸ் மேல். அடுத்த பந்தை கெல்வின் பெஞ்சமின் உயரே எம்பிப் பிடித்தார். அவரைக் காவல் காத்ததும் டேவிஸ். 13 நொடி மிச்சம், 34-31.

டேவிஸைவிட நன்றாக உயரமானவர் பெஞ்சமின். அந்த இடத்தில் நம் ஆள் செய்வதற்கு அதிகம் எதுவும் இல்லை. ஆனால் ஐந்து வாரத்துக்கு முன் 109 யார்டு ஓடிய அதே ஆள் அங்கே தலை குனிந்து நின்றதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவரை வெறும் ஒரு நொடிக்காரராக நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவர் எதிரணியின் உயரமான ஆட்களைத் துரத்திக்கொண்டிருந்தவர்.

#14 செங்கொன்றை

டேவிஸ் ஓடியபோது வானொலியில் வர்ணனை செய்த ராட் பிராம்பிளெட்டையும் இங்கே நினைக்க வேண்டும். அந்தக் குரலைத்தான் இன்றும் எல்லோரும் போட்டுக் கேட்கிறார்கள். 2019-ல் ஒரு கார் விபத்தில் அவரும் மனைவியும் இறந்துபோனார்கள். ஊரே அழுதது.

#15 புதுசு

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அந்த 39 யார்டு டச் டவுனை ஐந்து தடவை பார்த்தேன். முதல் நாலு தடவை பந்தைப் பார்த்தேன், எதுவும் புரியவில்லை. ஐந்தாவது தடவை அந்த கார்னர்பேக்கை மட்டும் பார்த்தேன். கோட்ஸ் பக்கத்தில்தான் நிற்கிறார். அப்புறம் மார்ஷல் ஓடுவதைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வைக்கிறார். வைத்த உடனே அவருக்கே தெரிந்துவிடுகிறது, திரும்பப் பார்க்கிறார். அதற்குள் பந்து தலைக்கு மேல் போய்விட்டது.

அடுத்து எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம்?

#16 கடைசிவரிசை

மிசூரி. முழு ஆட்டத்தையும் பாருங்கள். மேசனைப் பார்க்காதீர்கள், அவருக்கு முன்னால் போகும் ஃபுல்பேக் ஜே ப்ராஷையும், இடது கோடியில் நிற்கும் கிரெக் ராபின்சனையும் பாருங்கள். ராபின்சனை அடுத்த வருட டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டாவது ஆளாகவே எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.